தழும்பை மறைத்தீர்கள், தாளையாவது கொடுங்கள்

சென்னையிலிருந்து எங்கள் தீவுக்கு வந்து, ஓட்டல் மண்டபத்தில் உடல் பருமன் முகாம் நடத்திவிட்டுப் போகும் அறுவை மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான் மொரீஷியஸில் காத்ர் போர்ன் ஊரில் இருக்கிறேன். தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது வேலை. பிறந்தது மாயவரம் பக்கம்; வாழ்க்கைப்பட்டு இங்கே வந்து 22 வருடம் ஆகிறது. நான்கு வருடம் முன்பு உங்களைப் போன்ற ஒருவர் சென்னையில் வைத்து என் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்தார். அந்த அறுவைக்கு ஸ்லீவ் என்று பெயர். அவர் யார், எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. இங்கு வந்து போகும் உங்கள் எல்லாரிடமும் சொல்ல வேண்டியது இருப்பதால் மடலைத் திறந்தே வைக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் என்பீர்கள். 108 கிலோவோடு விமானம் ஏறினேன். சீட் பெல்ட் எட்டவில்லை. நீட்டிப்புப் பட்டை கேட்கக் கூச்சப்பட்டு, முந்தானையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, பெல்ட் போட்டவள் மாதிரி உட்கார்ந்து போனேன். ஒரு வருடத்தில் 74 கிலோ. இப்போது 79. பத்து வருடமாக விழுங்கிய சர்க்கரை மாத்திரை மூன்றாம் மாதமே நின்றது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.1-லிருந்து 6-க்கு வந்தது. கோர் த கார்த் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவில் படியை இப்போது நடுவில் உட்காராமல் ஏறுகிறேன். மறுபடி கேட்டாலும் செய்துகொள்வேன். அதைப் பற்றி எனக்கு இரண்டு மனம் இல்லை.

அந்த முகாம் நன்றாக நினைவிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் மேசை போட்டு டீயும் காத்தோ பிமானும் வைத்திருந்தார்கள். (சென்னை வாசகர்களுக்கு: அது மிளகாய் போட்ட பருப்பு வடைதான். எடை குறைக்க வந்தவர்களுக்கு எண்ணெய் வடை.) திரையில் ஒரு பெண்ணின் இடுப்பு மட்டும் தெரிந்தது. "எங்கே வெட்டினோம், கண்டுபிடியுங்கள் பார்ப்போம்" என்றார் டாக்டர். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் தனியாகப் பார்த்தபோது ஒரு தாளில் இரைப்பையை வரைந்து, சின்ன வளைவின் ஓரமாகவே ஒரு கோடு இழுத்தார். "இந்தப் பக்கம் போய்விடும். வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாய் மிஞ்சும். பசியைக் கிளப்பும் ஹார்மோன் பெரும்பாலும் போகிற பக்கத்தில்தான் சுரக்கிறது." பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "எல்லாம் தொப்புள் வழியாக. ஒரே துளை."

மற்றபடி நடக்கும் சாவித்துவார அறுவையில் வயிற்றில் ஐந்தாறு துளை போடுவார்கள், பெரியதே ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒற்றைத் துளையில் காமிரா, பிடிக்கும் கருவி, இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் எல்லாம் தொப்புளுக்குள் போடும் மூன்று சென்டிமீட்டர் வெட்டு வழியாகவே போய்வர வேண்டும். ஒரே வாசலில் நாலு பேர் முட்டிக்கொள்கிற மாதிரிதான். மருத்துவருக்கு நேரம் கூடுதல், சிரமம் கூடுதல். எடை குறைவதில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் கிடையாது. ஆக, அந்த ஒரு துளை நோயாளிக்குக் கொடுப்பது தெரியாத தழும்பைத்தான்.

இதை நினைத்தால் எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. தைப்பூசத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து பாருங்கள், டாக்டர். நாடு முழுக்க அரசு விடுமுறை. பத்து நாள் விரதமிருந்து, கன்னத்தில் வேல், நாக்கில் வேல், நெஞ்சிலும் முதுகிலும் வரிசை வரிசையாகச் சின்ன வேல் குத்திக்கொண்டு, வெயிலில் காவடி தூக்கி மலையேறுகிறவர்கள் நாங்கள். அந்த ஊருக்கு வந்து "தழும்பே தெரியாது" என்று விற்கிறீர்கள். நாங்களும் வரிசையில் நின்று வாங்குகிறோம்.

ஏன் வாங்குகிறோம் தெரியுமா? தழும்புக்குப் பயந்து இல்லை. செய்துகொண்டதே யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. "வாயைக் கட்டத் தெரியாதவள் வயிற்றை வெட்டிக்கொண்டாள்" என்று வேறு யாரையோ பற்றி என் நாத்தனார் சொன்னதைக் கேட்ட பிறகு, நான் வீட்டில் கர்ப்பப்பைக் கட்டி என்று சொல்லிவிட்டுத்தான் சென்னைக்குப் போனேன். என் வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. அத்தை, பாவம், கட்டி கரைய வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டார். தழும்பு தெரியாதது அந்தப் பொய்க்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கும் அது தெரியும். அதைத்தான் விற்கிறீர்கள்.

இப்போது ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வயது 27, மேற்குக் கடற்கரையில் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசை வேலை. அறுவை முடிந்த அன்று சாயங்காலமே எங்களை நடக்கச் சொன்னார்கள் அல்லவா? வார்டு வராந்தாவில் ஆளுக்கொரு சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, இரண்டு பேரும் எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் முனகியதில் பழக்கமானோம். அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அம்மாவிடம்கூட அலுவலகப் பயிற்சி என்று சொல்லியிருந்தாள்.

ஊர் திரும்பி ஏழாவது வாரம், விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வந்தது. "ஆன்ட்டி, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. நடந்தா சுவர்ல மோதுறேன்." மூன்று வாரமாக வாந்தியாம். தண்ணீர்கூடத் தங்கவில்லை. இரண்டு தடவை அவசரப் பிரிவுக்குப் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் வயிற்றுப் புண் என்று சொல்லி, குளுக்கோஸ் ஏற்றி, மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கூட அம்மா நின்றதால் அவள் வாயைத் திறக்கவில்லை.

அந்த அவசரப் பிரிவு டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். வயிற்றை அழுத்திப் பார்த்திருக்கிறார். ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் கைவேலை அவ்வளவு நேர்த்தி.

நான் டாக்சி பிடித்துப் போய், அவள் அம்மாவை வெளியே காபி வாங்க அனுப்பிவிட்டு, டாக்டரிடம் சொன்னேன். நல்லவேளை, பிரெஞ்சிலும் அதை ஸ்லீவ் என்றே சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. குளுக்கோஸை நிறுத்திவிட்டு, தயமின் ஊசியைக் கொண்டுவரச் சொல்லி நர்ஸைப் பார்த்துக் கத்தினார். தயமின் என்பது பி1 வைட்டமின். உடம்பில் அதன் கையிருப்பு சில வாரத்துக்குத்தான் வரும். விடாத வாந்தியில் அது தீர்ந்துபோனால் மூளையைப் பாதிக்கும். அந்த நிலையில் தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் இன்னும் மோசமாகும். கண் சில நாளில் சரியாகிவிட்டது. நடை சீராக மாதக் கணக்கானது. ஓட்டல் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே இறங்குவாளாம். ஏன் என்று கேட்டவர்களிடம் கால் சுளுக்கு என்றாளாம். பொய் அப்போதும் தொடர்ந்தது.

சரி, பொய் சொன்னது நாங்கள்தானே, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அறுவைக்கு முன்னால் இருபது கையெழுத்து வாங்கினீர்கள். "உங்கள் வீட்டில் இது யாருக்குத் தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒரு நாளைக்கு மேல் வாந்தி நிற்காவிட்டால் போய் இந்தச் சீட்டைக் காட்டு" என்று ஒரு சீட்டு கொடுக்கவில்லை. உணவுத் தாளின் ஒன்பதாவது வரியில் 'வாந்தி வந்தால் தொடர்பு கொள்ளவும்' என்று இருந்தது. பக்கத்தில் சென்னை எண்.

ஒற்றைத் துளை விளம்பரம் இன்னொரு விதத்திலும் ஆளைக் கெடுக்கிறது. ரோஸ் ஹில்லில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். கண்விழித்துப் பார்த்தால் தொப்புளைத் தவிர இரண்டு இடத்தில் பிளாஸ்திரி. ஏமாற்றிவிட்டார்கள் என்று இரண்டு நாள் அழுதிருக்கிறார். என்ன நடந்தது? கொழுப்பேறிப் பெருத்த ஈரல் இரைப்பையை மூடிக்கொண்டு நின்றது. அறுவைக்கு முன் இரண்டு வாரம் மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைத்துச் சாப்பிடச் சொல்வதே ஈரல் சுருங்கட்டும் என்றுதான். அக்கா வழியனுப்பு விருந்துகளில் தோல் பூரியை (இந்த ஊர்ப் பருப்புப் பூரி) விடவில்லை. ஒரே துளையில் பிடிவாதம் பிடிக்காமல் கூட இரண்டு துளை போட்டாரே, அந்த மருத்துவர்தான் கெட்டிக்காரர். ஆனால் முகாமில் 'ஒரே துளை, ஒரே துளை' என்று கேட்டுவிட்டு வந்தவருக்கு அது தோல்வியாகத் தெரிந்தது. பத்திரமான முடிவை எடுத்த மருத்துவர் மேல் கோபம், விளம்பரத்தின் மேல் இல்லை. "தேவைப்பட்டால் இன்னும் துளை போடுவோம், அது உங்கள் நன்மைக்கு" என்று திரையில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? உயரமானவர்கள், எடை ரொம்ப அதிகமானவர்கள் சிலருக்குத் தொப்புளிலிருந்து இரைப்பையின் மேல்முனை வரை கருவி எட்டுவதே சிரமம் என்பதையும் அங்கேயே சொல்லலாம்.

என் கதைக்கு வருகிறேன். பதினான்காவது மாதம். சமையலறையில் சோற்றுப் பானையை இறக்கினேன், தொப்புளில் சுருக்கென்றது. கையை வைத்துப் பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். படுத்தால் உள்ளே போகும், இருமினால் வெளியே வரும். ஹெர்னியா, அதாவது குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் தொப்புள் இயல்பிலேயே பலவீனமான இடம். அங்கே பெரிய வெட்டாகப் போட்டால் இந்த வாய்ப்பு கூடும். ஒற்றைத் துளையில் பித்தப்பை எடுத்தவர்களிடம் இது சற்று அதிகம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. இது எதுவும் உங்களுக்குப் புதிதில்லை. எனக்குத்தான் புதிது.

அரசு மருத்துவமனையில் பார்த்த அறுவை மருத்துவர் சின்னப் பையன், நிதானமானவர். தொப்புளை எப்படித் தைத்தார்கள், எந்த நூல், வயிற்றுச் சுவரைத் தாங்க வலை ஏதும் வைத்தார்களா, ஸ்டேப்ளர் கோடு எப்படிப் போயிருக்கிறது என்று கேட்டார். பத்திரமாக வைத்திருந்த டிஸ்சார்ஜ் தாளை எடுத்து நீட்டினேன். அரைப் பக்கம். 'நோயாளி நலம். திரவ உணவு. ஒரு வாரம் கழித்து வரவும்.' அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மருத்துவமனையின் கார் நிறுத்துமிட வரைபடம் அச்சிட்டிருந்தது. ஒரு வாரம் கழித்து வருவதற்கு நடுவில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது என்று சொல்லி இருவரும் சிரித்தோம். வேறென்ன செய்ய?

உங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் மூன்று தடவை எழுதினேன், அறுவைக் குறிப்பை மட்டும் அனுப்புங்கள் என்று. நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு செய்தி: "மேடம், தொங்கும் தோலுக்கு எங்களிடம் புதிய சலுகை இருக்கிறது."

கடைசியில் அந்தச் சின்ன டாக்டரே வலை வைத்துச் சரிசெய்தார். ஒரு ரூபாய் செலவில்லை. இங்கே அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம். அதாவது நீங்கள் கட்டணம் வாங்கிய வேலையின் மிச்சத்தை எங்கள் வரிப்பணம் முடித்துக்கொடுத்தது. இப்போது தொப்புளுக்கு மேலே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. சேலை கட்டினால் தெரியும். யார் வயிற்றைப் பார்த்தாலும் இது என்ன என்று கேட்பார்கள். எனக்கு அது சௌகரியமாகவே இருக்கிறது. அத்தையிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நேர்ந்துகொண்டதைச் செய்தாகிவிட்டது, அம்மன் அதை எதற்காவது கணக்கு வைத்துக்கொள்வாள்" என்றார்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. எங்கள் குடும்பம் மச்சம் தொடாது. நீங்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. உணவுத் தாளில் கேழ்வரகுக் கஞ்சி, மோர், முட்டை வெள்ளை, கோழி சூப் என்று இருந்தது. கேழ்வரகு இங்கே நினைத்த கடையில் கிடைக்காது. முட்டையும் கோழியும் ஆகாது. மிஞ்சியது பூயோன் பிரெத், கீரை போட்ட தெளிந்த சாறு. தொண்டையில் இதமாக இறங்கும். புரதம் ஒன்றும் இருக்காது. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்று எனக்குத் தெரியவந்தது, குளியலறை வடிகாலைத் தலைமுடி அடைத்த பிறகு. இருபதாவது மாதம் பாதம் மரத்துப்போனது. பழைய சர்க்கரையின் மிச்சம் என்று நினைத்துவிட்டேன். பி12 குறைவு. பத்து வருடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவள், மாமிசம் தொடாதவள், இப்போது இரைப்பையும் முக்கால்வாசி இல்லாதவள். மூன்றுமே பி12-ஐக் குறைப்பவை. அறுவைக்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசியில் இப்போது சரியாக இருக்கிறேன். கோவிலில் செத் காரி பரிமாறும்போது இலையில் ஏழு கறியிலும் ஒவ்வொரு துளி வைத்துக்கொண்டு, ரசத்தைத் தொடாமல் எழுந்துவிடுகிறேன். சாப்பாட்டோடு திரவம் கூடாது என்ற பாடம் மட்டும் நன்றாகப் பதிந்திருக்கிறது. பரிமாறும் தாத்தாவுக்குத்தான் வருத்தம்.

இந்தத் தீவைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1987-இல் அரசாங்கம் ரேஷன் எண்ணெயை மாற்றியது. பெரும்பாலும் பனை எண்ணெயாக இருந்ததைச் சோயா எண்ணெய் ஆக்கினார்கள். மாற்றிவிட்டுப் போய்விடவில்லை. அந்த வருடமே ஆட்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். ஐந்து வருடம் கழித்து 1992-இல் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கியிருந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கணக்கெடுப்பு விடாமல் தொடர்கிறது. எண்ணெயை மாற்றியதற்கே ஐந்து வருடம் கழித்து வந்து பார்த்த ஊர் இது. இரைப்பையை மாற்றியவர்கள் ஐந்து வாரத்தில் எங்களை மறந்துபோனீர்கள்.

இங்கே பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் ஆசிய வம்சத்தவருக்கு உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 27.5 இருந்தாலே இந்த அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று வாசலை அகலப்படுத்திவிட்டது. ஆக, உங்கள் மண்டபத்தில் இன்னும் நாற்காலி போட வேண்டியிருக்கும். போடுங்கள். சிலருக்கு அது உயிரைக் காப்பாற்றும், என்னைப் போல.

ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன், இந்தத் தீவில் ஒரு மருத்துவரிடம் பேசி, அவர் சம்மதத்தோடு எங்களை அவரிடம் ஒப்படையுங்கள். அறுவைக் குறிப்பு முழுவதையும் கொடுங்கள். உங்கள் பதிவேட்டில் இருக்கும் அதே பக்கம்தான், நகலெடுக்க அரை நிமிடம். பர்ஸில் வைக்கும் அளவுக்கு ஒரு அட்டை, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். நான் எனக்கு நானே ஒன்று எழுதி அடையாள அட்டைக்குப் பின்னால் செருகியிருக்கிறேன்: 'இரைப்பை ஸ்லீவ் செய்தவர். வாந்தி நீடித்தால் குளுக்கோஸுக்கு முன் தயமின். பி12 ஊசி எடுப்பவர். தொப்புளில் வலை இருக்கிறது.' ஆசிரியை என்பதால் கையெழுத்து நன்றாக இருக்கும். அந்த 27 வயதுப் பெண்ணுக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மடித்து, கைப்பேசி உறைக்குள், அம்மா பார்க்காத பக்கமாக வைத்தாள். வைத்தாளே, அதுவே பெரிது.

உங்கள் அடுத்த முகாமின் விளம்பரத்தைப் பார்த்தேன். அதே இடுப்புப் படம். நானும் வருவேன், காத்தோ பிமான் சாப்பிட மாட்டேன், முதல் வரிசையில் உட்காருவேன். 'எங்கே வெட்டினோம், கண்டுபிடியுங்கள்' என்று நீங்கள் கேட்டு முடித்ததும் கை தூக்கி ஒன்றே ஒன்று கேட்பேன்: இங்கே எந்த டாக்டரிடம் எங்களை ஒப்படைக்கப் போகிறீர்கள்? பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ள நோட்டும் பேனாவும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
காத்ர் போர்ன், மொரீஷியஸ்